சகலை வீட்டு பிஸ்கட் டின்

மார்ச் 3

அன்புள்ள சகலைக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே உங்கள் நுரையீரல் எவ்வளவு திடமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நான் போட்ட சத்தத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை.

போனை என் கையிலிருந்து பிடுங்கிய உங்கள் அண்ணி போட்ட சட்டம் இது: "இனிமே அந்த டப்பா விஷயத்தை ரெண்டு பேரும் போன்ல பேசக்கூடாது. பேசித்தான் ஆகணும்னா லெட்டர் எழுதிக்குங்க. தபால் போய்ச் சேர்றதுக்குள்ள கோபம் ஆறிடும்." அந்தப் பக்கம் உங்கள் வீட்டம்மாவும் அதையே சொன்னதாகக் கேள்வி. அக்காவும் தங்கையும் ஒன்று சேர்ந்து சட்டம் போட்டால் நாம் வெறும் குடிமக்கள். ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று உங்கள் அண்ணி பத்து நாள் உங்கள் வீட்டில் வந்து இருந்தாள். திரும்பி வந்தவளிடம் தங்கை எப்படி என்றேன். "தேறிட்டா" என்றாள். ஒரு சொல், அவ்வளவுதான். அப்புறம் நான் கேட்காமலே சொன்னாள்: "அங்க ரிக்கார்டு கேட்டேன். அந்தம்மா பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கிறாங்க. அதுகூடக் கேக்குது."

சகலை, அதே ரிக்கார்டு என்னிடமும் இருக்கிறது. பதினோரு வருஷமாக என் அறையில் டர்ன்டேபிளுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். ஒன்று எனக்கு. மற்றது அவளுக்கு. அதில் அவள் ஒரு முழுப் பக்கம் உட்கார்ந்து கேட்டதில்லை. இப்போது அது மடித்த துணி வைக்கிற இடம். என் பனியன் உட்கார்ந்து பாட்டு கேட்கிறது.

உங்களிடமும் அதே டர்ன்டேபிள், அதே ஊசி, அதே ஆம்ப்ளிஃபயர். என்னைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள், மறுக்க வேண்டாம். வித்தியாசம் நடுவில் இருக்கும் போனோ ப்ரீஆம்ப் ஒன்றுதான். அது எதற்கு என்று ஒரு தடவை உங்கள் அண்ணிக்கு விளக்கினேன். ஊசி தட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டு வருவது கொசுவின் முணுமுணுப்பு. அதைப் பெரிதாக்கி, தட்டில் பதியும்போது குறைத்த அடிக்குரலைக் கூட்டி, கூட்டிய கீச்சுக்குரலைக் குறைத்துக் கொடுக்கிறது என்றேன். "கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

உங்கள் தரகர் கப்பல் படம் போட்ட ஒரு பிஸ்கட் டின்னுக்குள் குடியிருக்கிறாராம். அது என்ன தயாரிப்பு, எங்கே கிடைக்கும்? நேற்று நான் கேட்டதும் இவ்வளவுதான். இதற்கு "சொல்ல முடியாது" என்று சொல்லுகிற மனிதரை வேறு எப்படித் திட்டுவது?

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
சகலை


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. வேலை பார்க்கிற கட்டடத்தில் லிப்ட் மேலே ஏறி நின்றுகொண்டு படித்தேன். அங்கேதான் யாரும் வந்து பேச மாட்டார்கள்.

கேட்டதற்குப் பதில். அந்த டப்பா நான் வாங்கியதில்லை. வேண்டிய ஒருவர் கொடுத்தார். அவர் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சாமான் நல்ல சாமான். அவர் பெயரைச் சொல்வதாக இல்லை. டின் மட்டும் என்னுடையது. வந்து சேர்ந்தபோது மேல்பெட்டி நசுங்கியிருந்தது, அதனால் மாற்றினேன்.

இவளுக்கு ஆபரேஷன் என்று நானும் லீவில் இருந்தேன். அண்ணி தினமும் மதியம் இவள் தூங்கிய பிறகு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். சில நாள் மூன்று மணி நேரம். நான் தட்டைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்.

இவளுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். நடக்கிறாள்.

இப்படிக்கு,
சகலை


மார்ச் 19

லிப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அப்போதும் மூன்றுதான். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில்கூட அவள் என்னோடு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை. ரயில் பயணம் கணக்கில் சேராது.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும். சரியாகத்தான் நினைக்கிறீர்கள். வயிற்றில் எரிகிற தீயில் வெந்நீர் போடலாம்.

யார் அந்த 'வேண்டிய ஒருவர்'? நமக்குள் தெரியாத ஆள் யார்? இப்படி ஒரு சாமானைத் தூக்கி உங்களிடம் கொடுத்திருக்கிறான் என்றால் அவன் சுத்த ஏமாளியாக இருக்க வேண்டும். தன் கையில் இருப்பது என்னவென்றே தெரியாத ஜென்மம். அவனை ஒரு நாள் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்புங்கள், கண்ணைச் சோதித்துப் பார்க்கிறேன்.

நீங்கள் சொல்லாவிட்டால் போகிறது. வால்வு வைத்த ப்ரீஆம்ப் ஒன்று வாங்கிவிட்டேன். முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் குழல் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும். உங்கள் அண்ணியை உட்கார வைத்தேன். அதாவது துணியை எடுத்துவிட்டு. இரண்டு பாட்டு கேட்டாள். "வெளிச்சம் அழகா இருக்கு" என்றாள். பாட்டு எப்படி என்றேன். "பின்னாடி யாரோ முனகுறாங்க" என்றாள். முனகுவது நிஜம். ஹம் என்கிற மின்சார இரைச்சல். அது என்னவென்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே குக்கர் சத்தம் கேட்கிறது என்று போய்விட்டாள். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை.

சகலை


மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

டர்ன்டேபிளின் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு ஒற்றைக் கம்பி வரும். அது கிரவுண்ட், எர்த் கம்பி. ப்ரீஆம்பின் திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். ப்ரீஆம்பை ஆம்ப்ளிஃபயர் தலைமேல் வைக்காமல் இரண்டு முழம் தள்ளி வையுங்கள். முனகல் குறையும். லிப்ட் மோட்டார் அறையிலும் இதே கதைதான்.

அந்த நண்பரைப் பற்றி நீங்கள் எழுதியதை இவளுக்குப் படித்துக் காட்டினேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தான் இன்னும் நாலு லெட்டர் எழுதட்டும், சொல்லிடாதீங்க" என்கிறாள்.

சகலை


ஏப்ரல் 9

அன்புள்ள சகலைக்கு,

கிரவுண்ட் கம்பியை மாட்டினேன். முனகல் போய்விட்டது. மனைவி வரவில்லை. ஆக அவள் ஓடுவதற்குக் காரணம் முனகல் இல்லை.

என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் சிரிப்பது எனக்குப் புதிதில்லை. அதில் ஒருத்தி தையல் போட்டவள் என்பதால் மன்னிக்கிறேன்.

வால்வைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னால் வரிசையாக எட்டு சுவிட்ச் உள்ள இன்னொன்றை எடுத்து வந்தேன். ஊசிக்கு ஊசி அது எதிர்பார்க்கிற மின்சுமை வேறாம். சுவிட்சைத் தள்ளித் தள்ளி நம் ஊசிக்குப் பொருத்தமானதைப் பிடிக்க வேண்டுமாம். எனக்கு உற்சாகமாகிவிட்டது. இது என் தொழில். பதினெட்டு வருஷமாகக் கடையில் நான் வேறென்ன செய்கிறேன்? "இது தெளிவா, இது தெளிவா" என்று லென்ஸ் மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், வெளியே விட வேண்டாம். வருகிறவர் நிஜமாகப் பார்த்துச் சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா என்று சந்தேகம் வந்தால், லென்ஸைக் கழற்றுவது போலக் கழற்றி அதே லென்ஸைத் திரும்ப மாட்டி, "இப்ப?" என்பேன். கிட்டத்தட்ட எல்லாருமே "ஆங், இப்பத்தான் பளிச்சுனு இருக்கு" என்பார்கள். அதே லென்ஸ்தான் ஐயா. மனிதன் மாற்றத்தை எதிர்பார்த்துவிட்டான் என்றால் மாற்றத்தைப் பார்த்தே தீருவான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும்.

அதே வித்தையை உங்கள் அண்ணியிடம் காட்டினேன். சுவிட்சை வெறுமனே டக் என்று தட்டிவிட்டு, எதையும் மாற்றாமல், "இப்ப?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் மாத்தலையே" என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் சகலை. என் கடைக்கு வந்தவர்களில் இந்தக் கேள்வியில் விழாதவர்கள் பத்துப் பேர் தேற மாட்டார்கள். இவ்வளவு நாளும் அவளுக்குக் காது போதாது என்று மனசுக்குள் வைத்திருந்தேன். காது பொன்னான காது. அந்தக் காதுதான் உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, என் வீட்டில் குக்கர் சத்தம் கேட்கிறது. இனி எனக்குத் தப்பிக்க வழியில்லை.

ஆகவே ரோஷத்தை மடித்துப் பனியனோடு வைத்துவிட்டுக் கேட்கிறேன். அந்த டின்னை ஒரு இருபது நாள் கடன் கொடுங்கள். அந்த நண்பரை ஏமாளி என்று எழுதியதை அடித்துவிடுங்கள். அவர் புண்ணியவான். அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தயார். இதை அவரிடமே சொன்னாலும் சரி.

தோற்றுப்போன,
சகலை


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

அவரிடம் சொல்லியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழைய சட்டைகளைச் சுற்றி வைத்திருக்கிறேன். அதுவும் பார்சலில் நசுங்குவது எனக்கு இஷ்டமில்லை. ஒரே நிபந்தனை. மூடியைத் திறக்கக் கூடாது. நான் எழுதும்போது திறந்தால் போதும். பூட்டிய மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்க்கிற ஆள் நீங்கள் என்று தெரியும். அதனால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சகலை


ஏப்ரல் 27

என் அருமைச் சகலைக்கு,

டின் வந்தது. டேப்பைத் தொடவில்லை. இரண்டு தடவை தடவிப் பார்த்தேன், அது தொடுவதில் சேராது.

கடைக்கு அரை நாள் லீவு விட்டுவிட்டு, வீட்டில் யாரும் இல்லாதபோது மாட்டினேன். ஊசியை இறக்கினேன். அந்த மூச்சு கேட்டது. சகலை, அவர்கள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு இழுத்தார்கள். பின்னால் வாசிக்கிறவர் விரலைக் கம்பியிலிருந்து எடுப்பதுகூடக் கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. திறந்தாலும் கேட்க ஆளில்லை.

இது அல்லவா ப்ரீஆம்ப். அடிக்குரல் ஈர மண் மாதிரி கனமாக, கீச்சு ஒரு இடத்திலும் குத்தாமல். இதற்குப் பக்கத்தில் என்னுடையது தகர மேளம். அதற்கும் முன்னால் ஏழு வருஷம் ஒன்று வைத்திருந்தேனே, நான்கு வருஷம் முன்பு உங்களுக்குத் தள்ளிவிட்டேனே ஒரு கறுப்பு டப்பா, அதை வைத்துக்கொண்டு நான் பாட்டு கேட்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் குப்பையை நீங்கள் என்ன செய்தீர்கள்? தூக்கி எறிந்திருந்தால் வருத்தப்பட மாட்டேன்.

இனி வலிக்கிற பகுதி. சாயங்காலம் உங்கள் அண்ணியை அழைத்தேன். துணியை நானே எடுத்து வைத்தேன். உட்கார்ந்தாள். டின்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி. அதற்கே எனக்கு ஒரு எரிச்சல். ஊசியை இறக்கிவிட்டு, "இப்ப பாரு, மூச்சு வரும் பாரு, கேட்டியா" என்றேன். "இப்ப வாசிக்கிறவரோட விரலைக் கவனி" என்றேன். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினேன். அவள் தவறவிட்டுவிடக் கூடாதே.

மூன்றாவது பாட்டு பாதியில் எழுந்தாள். "என்ன?" என்றேன். "துணி காயப்போடணும்" என்றாள். வெளியே மழை.

உங்கள் டின்னே என் வீட்டில் பாடுகிறது. ஆனால் அவள் உட்காரவில்லை. அப்படியென்றால் அவளுக்குப் பிடித்தது எது? டின் இல்லையென்றால் நாற்காலியா? உங்கள் வீட்டுச் சுவரா? நீங்களா? கடைசிச் சொல்லை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

சகலை


மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு நீளமாக எழுத வராது. இந்த ஒரு தடவை எழுதுகிறேன்.

டேப்பைப் பிரித்து மூடியைத் திறங்கள். உள்ளே ஒரு பச்சைச் சர்க்யூட் பலகை இருக்கும். நான்கு மூலையில் நான்கு திருகு. மூன்று ஒரே மாதிரி. நான்காவதைப் பாருங்கள். அது மூக்குக்கண்ணாடியின் காதில் போடுகிற திருகு. ஓட்டைக்கு மிகவும் சின்னது என்பதால் யாரோ நூல் சுற்றி, சிவப்பு நகப்பூச்சு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது யார் வீட்டு நகப்பூச்சு என்று அண்ணியைக் கேட்டால் தெரியும்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு மடித்து வைத்திருக்கிறேன். நான்கு வருஷம் முன்பு அந்தக் கறுப்பு டப்பாவோடு நீங்கள் அனுப்பியது. "இது எங்க வீட்டுக்குப் போதாது. உங்க காதுக்குத் தாராளம்." உங்கள் கையெழுத்துதான். கீழே ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்திருக்கிறீர்கள்.

கறுப்புப் பெட்டி பார்சலில் நசுங்கியிருந்தது. பலகையை எடுத்து டின்னில் வைத்தேன். வேறு ஒரு சாமானும் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று வைராக்கியம். தூக்கி எறியாததற்கும் அதுதான் காரணம். தினமும் அதில் பாட்டு கேட்கும்போது, இந்தக் காதுக்கு இது தாராளம் என்று சொல்லிக்கொள்வேன். நீங்கள் உங்களையே ஏமாளி என்றும் புண்ணியவான் என்றும் மாற்றி மாற்றி எழுதினபோது என் மனசு கொஞ்சம் ஆறியது. முழுசாக ஆறியது போன கடிதத்தில், உங்கள் கடைக்கு வருகிறவர்கள் மாதிரி நீங்களும் அதே லென்ஸைத் திரும்ப மாட்டினதும் பளிச்சென்று இருக்கிறது என்று சொன்னபோது.

இனி நீங்கள் அடிக்காமல் விட்ட சொல்லுக்கு வருகிறேன். அண்ணி இவளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க வீட்டுல பாட்டு போட்டா ரிக்கார்டோட இவரும் சேர்ந்து ஓடுவாரு. அந்தம்மா மூச்சு இழுக்கிற இடத்துல, 'இப்ப ஆரம்பிப்பாங்க பாரு'ன்னு இவர் ஆரம்பிச்சிடுவாரு. பதினோரு வருஷமா அந்த இடத்துல எனக்கு இவர் குரல்தான் கேக்குது." அந்த மூச்சு உங்கள் வீட்டிலும் இருந்தது அண்ணா. ஏழு வருஷம் இதே பலகையில். நீங்கள் அதன்மேல் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைக்காதீர்கள். அண்ணி இங்கே கேட்ட நாளெல்லாம் இவள் உள்ளே படுத்திருந்தாள். எழுந்து நடக்க ஆரம்பித்ததும், வா, உட்கார் என்றேன். "உங்ககூட பாட்டு கேக்கிறது நின்னுபோன லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. அத்தான் இருந்தா யார் எங்க தப்பு பண்ணினாங்க, பாடினவங்களுக்கு அன்னைக்கு ஜலதோஷம்னு ஏதாவது சொல்லுவாரு" என்றாள். நீங்கள் சொல்வதில் பாதி உங்கள் சொந்தக் கற்பனை என்றேன். "அந்தப் பாதிதான் நல்லா இருக்கும்" என்கிறாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் எனக்கு ருசி தெரியவில்லை.

டின்னை அவசரமாக அனுப்ப வேண்டாம்.

சகலை


மே 19

அன்புள்ள சகலைக்கு,

இரண்டு வாரம் பேனாவை எடுக்கவில்லை. என் பேனா இரண்டு வாரம் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. உங்கள் அண்ணி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மூடியைத் திறந்தேன். திருகைப் பார்த்தேன். நகப்பூச்சைப் பார்த்தேன். சீட்டைப் படித்தேன். அந்தச் சிரிக்கிற முகம் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது. அதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் வேடிக்கையாக எழுதிவிடுவேன், அதனால் எழுதவில்லை. தப்பு என்னுடையது. சீட்டைக் கிழித்துவிட்டேன். உங்கள் காதை விட நல்ல காது நம் குடும்பத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது என் வீட்டில் துணி மடிக்கிறது.

வாயை மூடிப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு நாள் ரிக்கார்டு போட்டேன். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் "வந்து கேளேன், இன்னைக்கு நான் பேசவே மாட்டேன்" என்று தொடங்கி, ஏன் பேச மாட்டேன் என்பதைப் பத்து நிமிஷம் விளக்கினேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. கண்ணாடி பழுது பார்க்கும்போது திருகு உருண்டு ஓடிவிடும் என்று உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொள்வேன். கடையில் நான் வாய் மூடியிருப்பது அந்த நேரம் மட்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை மதியம், டின்னைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்துவிட்டேன். என் பழைய ப்ரீஆம்பையே, அந்தத் தகர மேளத்தையே, மாட்டினேன். பலகையிலிருந்து கழற்றின அந்த நான்காவது திருகை உதட்டில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். துணியைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அந்தம்மா மூச்சு இழுத்தார்கள். என் வயிற்றுக்குள் 'பாரு, பாரு' என்று ஒரு ஆள் குதித்தான். திருகை இறுக்கிக் கடித்தேன்.

பக்கம் முடிந்தது. ஊசி தூக்கிக்கொண்டது.

"இது பழைய டப்பாதானே?" என்றாள்.

தலையை ஆட்டினேன். பொன்னான காது என்றேனே.

"அந்த டின்னு இதைவிட நல்லா இருக்கும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருகு இருந்ததால் நீங்கள் தப்பித்தீர்கள். அப்புறம் சொன்னாள்: "பரவாயில்லை. அடுத்த பக்கம் போடுங்க."

அடுத்த மாதம் கடையை நான்கு நாள் மூடிவிட்டு வருகிறோம். உங்கள் வீட்டில் என் கொழுந்தியாள் பக்கத்தில் உட்கார்ந்து, பாடினவர்களுக்கு அன்றைக்கு என்ன ஜலதோஷம் என்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு லிப்ட் மேலே ஏறி நில்லுங்கள். எரியட்டும், எனக்கு எரிந்தது போதும்.

டின்னை இந்தப் பார்சலோடு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை சீட்டு எதுவும் வைக்கவில்லை. உள்ளே ஒரு திருகு குறையும். கடையில் இன்னும் ஆயிரம் திருகு இருக்கிறது, வேண்டுமானால் ஒரு டப்பா நிறைய அனுப்புகிறேன். அதைக் கேட்காதீர்கள். அது எனக்குத் தினமும் வேண்டியிருக்கிறது.

சகலை